வெள்ளிக் கிண்ணம்

குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் நாளில் நம் வீடுகளில் வெள்ளிக் கிண்ணம் ஒன்றைத் தேடுவோம். திருமணத்தில் சந்தனம் குழைத்து வைக்க ஒரு வெள்ளிக் கிண்ணம் வேண்டும். தாய்மாமன் கொண்டுவரும் சீர்த்தட்டில் அது இல்லையென்றால், வாய்விட்டுச் சொல்லாவிடினும் மனத்துள் குறையாக எண்ணுவோர் பலர். இத்துணை நெருக்கமாக நம்மோடு பழகிய இச்சிறு கலத்திற்கு ஒரு வரலாறு உண்டா? உண்டெனில், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இவ்வினாக்களையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். புதுவையை அடுத்த வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களை இதற்குக் களமாகக் கொள்கிறேன். அதற்குத் தக்க காரணம் உண்டு.

முதலில் ஒரு சொல்லைக் காண்போம். பொன்னிலும் வெள்ளியிலும் தொழில் புரிவோரைத் தமிழ் ‘தட்டார்’ என்று அழைக்கிறது. கம்மாளர் என்னும் ஐந்தொழிலாளருள் தச்சர், கொல்லர், கன்னார், கல்தச்சர் ஆகியோரோடு வைத்து எண்ணப்படுபவர் இவர். மரியாதை கருதி ‘பத்தர்’ என்றும் ‘ஆசாரி’ என்றும் மக்கள் இவரை அழைப்பர். எனினும் பழம்பெயர் தட்டான் என்பதே. உருக்குபவன் என்றோ, இழைப்பவன் என்றோ, பதிப்பவன் என்றோ பெயர் அமையவில்லை. சுத்தியல் கொண்டு தட்டுவதே அவன் தொழிலின் உயிர் என்று மொழி தீர்மானித்துவிட்டது. அத்தொழிலின் முதற்பாடமும் முடிவுப்பாடமும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

இத்தட்டாருள் ஒருவரது பெயர் பாகூரின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்துள்ளது. 1879ஆம் ஆண்டில் பாகூரில் செப்பேடுகள் சில கிடைத்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய 8ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டவை அவை. பாகூரில் அந்நாளில் விளங்கிய கல்வி நிலையம் ஒன்றிற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. இன்று நெல்வயல்களுக்கும் பெரிய ஏரிக்கும் பெயர்பெற்ற பாகூர், 1,100 ஆண்டுகளுக்கு முன்னர் வித்தைக்கும் பெயர்பெற்றிருந்தது என்பதை நாம் அறிவது இவ்வேடுகளால்தான்.

அவ்வேடுகளின் இறுதியிலே ஒரு குறிப்பு உள்ளது. அவற்றை எழுதியவன் உதிதோதயன் என்பானின் பேரன். பல்லவர் குலத்திற்கு வழிவழி ஊழியம் புரிந்த பொற்கொல்லர் மரபினன். அவன் பெயரும் நிருபதுங்கன். அரசனின் பெயரையே தாங்கிய அத்தட்டான் எழுத்தறிந்தவன். செப்பேட்டின் மீது உளி ஓட்டத் தெரிந்தவன். பாகூரின் கல்விப் புகழை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு தட்டானின் கை என்பதை நாம் மறத்தலாகாது.

செம்பு அவன் பெயரைக் காத்தது. ஆயின் அவன் மரபினர் வெள்ளியில் செய்த கலங்கள் எங்கே? அதை அறிய, ஒரு கிண்ணம் எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வார்ப்பது வேறு, தட்டி எழுப்புவது வேறு. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகால் உருவம் சமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கின்றனர். கிண்ணத்தைத் தட்டி எழுப்பும் தட்டாருக்கோ அச்சும் இல்லை, மெழுகும் இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு தட்டையான வெள்ளித் தகடு. வெள்ளியைக் குகையில் இட்டு, வெண்காரம் தூவி உருக்கி, பாளமாக ஊற்றி, அடித்துத் தகடாக்குவர். அதை வட்டமாகக் கத்தரிப்பர். எவ்வளவு பெரிய வட்டம் வேண்டும்? கலத்தின் வாய் அகலத்தையும் உயரத்தையும் கூட்டினால் வரும் அளவே வட்டத்தின் குறுக்களவு என்பது பொதுக் கணக்கு. 7 சென்டிமீட்டர் வாயகலமும் 4 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சிறு கிண்ணத்திற்கு 11 சென்டிமீட்டர் வட்டம் வேண்டும்.

பின்னர், புளியங்கட்டை போன்ற உறுதியான மரக்கட்டையிலே குடைந்த குழியின் மீது தகட்டை வைத்து, கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் நடுவிலிருந்து தட்டுவர். தகடு ஆழமற்ற தட்டுப்போலக் குழியும். அடுத்து, தலை உருண்ட மர முளை ஒன்றை ஊன்றி, அதன்மேல் தகட்டைக் கவிழ்த்து வைத்து வெளிப்புறத்திலே தட்டுவர். அடியிலிருந்து தொடங்கி, வட்டம் வட்டமாக, விளிம்பு வரையில் அடி செல்லும். தகடு முளையைத் தொடும் இடத்திற்குச் சற்று மேலே, தொடாமல் நிற்கும் பகுதியில் அடி விழவேண்டும். அப்போதுதான் உலோகம் உள்நோக்கி ஒடுங்கி, சுவராக எழும். நேரே முளையின்மீது அடித்தால் தகடு மெலிந்து போகும். அடியின் வலிமையைக் காட்டிலும் அடி விழும் இடமே பெரிதாயிற்று.

மரத்தை ஏன் நாடினர் என்று கேட்கலாம். இரும்பின்மேல் வைத்து இரும்பால் அடித்தால் இடையிலுள்ள வெள்ளி நசுங்கி விரியும். மரமோ அடியின் கடுமையைத் தான் ஏற்றுக்கொண்டு வெள்ளியை வளைய மட்டும் விடுகிறது. உருவம் முழுதும் எழுந்த பின்னரே, மெருகேறிய இரும்பு முளையும் மெருகேறிய சுத்தியலும் கொண்டு மெல்ல மெல்லத் தட்டி மேற்பரப்பைச் சீராக்குவர். விளிம்பின்மேல் நேராகத் தட்டி வாயைத் தடிப்பாக்குவதும் உண்டு. குழந்தையின் உதட்டில் படும் இடமாதலின், அது கூர்மையாக இருத்தல் கூடாது.

இடையிலே இன்னொரு வேலை இருக்கிறது. அடிபட அடிபட வெள்ளி இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் விளிம்பில் வெடிக்கும். எனவே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதை நெருப்பிலிட்டு, மங்கிய செந்நிறம் வரும்வரையில் காய்ச்சுவர். அந்த நிறம் வெயிலிலே தெரியாது, நிழலில்தான் தெரியும். பட்டறைகள் இருண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளி உருகும் வெப்பம் 961 பாகை செல்சியஸ். அதற்கு முன்னூறு பாகைக்கும் மேல் தாழ்வாகவே நிறுத்திவிட வேண்டும். ஆறியதும் புளிக்கரைசலில் இட்டு, ஏறிய கறையைப் போக்கி, மீண்டும் முளைமேல் ஏற்றுவர். இவ்வாறு பல சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பல நூறு அடிகள்.

வில்லியனூர்ப் பக்கத்தில் முதிய பத்தர் ஒருவரிடம், “இறுகிவிட்டது என்பதை எதைக்கொண்டு அறிகிறீர்கள்?” என்று கேட்டேன். “சத்தம் மாறும், ஐயா. முதலில் மந்தமாக இருக்கும். இறுகினால் கணீரென்று கேட்கும். கேட்டதும் நெருப்பில் போட்டுவிட வேண்டும். இன்னும் பத்து அடி என்று ஆசைப்பட்டால் வாய் கிழிந்துவிடும்” என்றார். உலோகத்தின் உள்ளே நுண்மணிகள் அடியினால் சிதைந்து இறுகுவதையும், வெப்பத்தால் அவை புதிதாக அமைந்து மென்மை பெறுவதையும் இன்றைய அறிவியல் விளக்குகிறது. அவ்விளக்கம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே தட்டாரின் செவி அதைக் கண்டறிந்திருந்தது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்த பொருள்களுள் வெண்கலக் கலங்களும் உள்ளன. வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைச் சூட்டோடு அடித்து மெல்லிய கலமாக்கும் கலை தென்னாட்டிலே பழங்காலத்திலேயே இருந்தது என்பதை இத்தகைய கலங்களை ஆராய்ந்தோர் நிறுவியுள்ளனர். ஆகவே, அடித்துக் கலம் எழுப்பும் கலை நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று.

ஆனால் வெள்ளி மட்டும் வெளியிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு மண்ணில் வெள்ளிச் சுரங்கம் என்று சொல்லத்தக்கது இல்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமானிய நாட்டோடு நம் கரைக்கிருந்த வாணிகம் ஐயமின்றி வெளிப்பட்டது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் மதிப்புள்ள செல்வத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று அந்நாளைய ரோமானிய அறிஞர் பிளினி முறையிட்டார். ரோமானிய வெள்ளிக் காசுகள் கொங்குநாட்டிலே குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1736இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலிகானிடம் ரூபாய் அடிக்கும் உரிமையை ஆளுநர் துய்மா பெற்றார். அவ்வாண்டிலேயே தம் நாட்குறிப்பைத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, கப்பல்களில் வந்திறங்கிய வெள்ளியைப் பற்றியும் எழுதிவைத்தார். மெக்சிக்கோவிலும் பெருவிலும் தோண்டிய வெள்ளி, ஐரோப்பியத் துறைமுகங்கள் வழியாகப் புதுவைக்கு வந்து, நாணயச் சாலையில் ரூபாயாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தன; 1752இல் பாகூரிலேயே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் நிகழ்ந்தது. அந்த ரூபாய்கள் நெல்லுக்கும் துணிக்கும் விலையாக ஊர்களுக்குள் புகுந்தன. ஊருக்குள் புகுந்த ரூபாய் தட்டாரின் குகைக்குள்ளும் புகுந்தது.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். பிற்காலத்துப் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடையுள்ளது, அஃதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. நாம் முன்னர்க் கூறிய 11 சென்டிமீட்டர் வட்டத்தை முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த தடிப்பில் எடுத்தால் எடை 80 கிராமுக்கு அருகில் வரும். ஏழு ரூபாய் நாணயங்களை உருக்கினால் ஒரு கிண்ணம்! 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, 1947இல் நிக்கல் ரூபாய் வரும்வரையில், உழவர் வீட்டுச் சேமிப்பு பெட்டியில் நாணயமாகவும் இருக்கலாம், அடுக்களையில் கிண்ணமாகவும் இருக்கலாம். விளைச்சல் நன்றாயின் நாணயம் கிண்ணமாகும்; ஏரி வறண்டால் கிண்ணம் மீண்டும் நாணயமாகும்.

நம் வினாவிற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பழைய வெள்ளிக் கிண்ணங்கள் கிடைக்காமைக்குக் காரணம் அவை செய்யப்படாமை அன்று; அவை மீண்டும் மீண்டும் உருக்கப்பட்டமையே. பாட்டியின் கிண்ணம் தாயின் கொலுசாகும். தாயின் கொலுசு மகளின் குங்குமச் சிமிழாகும். வெள்ளி அழியவில்லை, உருவம் அழிந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த பொற்கலங்களையும் வெள்ளிக் கலங்களையும், வட்டில் என்றும் மண்டை என்றும் கெண்டி என்றும் பெயர் சொல்லி, கழஞ்சுக் கணக்கில் எடையும் குறித்துக் கல்லில் வெட்டி வைத்தனர். கல்லெழுத்து ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. அக்கலங்கள் நம் கண்முன் இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதியும் அன்று. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையை அணிசெய்த வெள்ளி மேசைகளையும் விளக்குத் தண்டுகளையும் 1689இல் போர்ச் செலவுக்காக நாணயச் சாலைக்கு அனுப்பினான். பதினைந்தாம் லூயியும் 1759இல் அவ்வாறே செய்தான். எந்தப் போரின் பொருட்டு அவன் அதைச் செய்தானோ, அந்தப் போரிலேதான் 1761இல் புதுவை வீழ்ந்தது. மன்னனின் மேசைக்கும் உழவன் வீட்டுக் கிண்ணத்திற்கும் உலை ஒன்றே!

அப்படியாயின் வெள்ளிக்கலம் எப்போது பிழைக்கிறது? மண்ணில் புதைந்து, மறக்கப்பட்டு, எவர் கையிலும் அகப்படாதபோது. மொகஞ்சதாரோவில் வெள்ளிக் குடம் ஒன்று கிடைத்தது; அதனோடு ஒட்டியிருந்த பருத்தித் துணித்துண்டு கூட வெள்ளியின் துணையால் கெடாமல் இருந்தது. மறந்தமையால் அது எஞ்சியது. நாம் மறவாமல் பயன்படுத்திய கலங்களோ எஞ்சவில்லை.

ஆகவே, இத்தொழிலின் வரலாற்றுக்கு ஆவணம் எது என்று கேட்டால், அது தொழில் புரியும் கை என்றே நான் விடை கூறுவேன். கலம் உருகினாலும் கலம் செய்யும் முறை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருந்தது. அரிக்கமேட்டுக் காலத்து அடியும் பாகூர் நிருபதுங்கன் காலத்து அடியும் நேற்றைய பத்தரின் தோளிலே தங்கியிருந்தன. இதை உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. ஈழத்துக் கைவினைஞரின் பொருள்களை மட்டுமின்றி, அவர்தம் கருவிகளையும் செய்முறைகளையும் சேர்த்து ஆராய்ந்து 1908இல் பெருநூலாக வெளியிட்டார். பொருளை மட்டும் பார்த்துச் சென்றிருந்தால் பாதி வரலாறு அவருக்குக் கிட்டியிராது.

அந்தக் கையின் தொடர்ச்சிக்கு அண்மைக் காலத்தில் பல இடையூறுகள் நேர்ந்தன. 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் நகை செய்தல் தடுக்கப்பட்டது. நாடு முழுவதும் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன. வேறு தொழிலுக்குச் சென்ற பிள்ளைகள் பலர் திரும்பவில்லை. 1968இல் சட்டமாகிய அக்கட்டுப்பாடு 1990இல்தான் நீங்கியது. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் அது. மறுபுறம், தகட்டைச் சுழலும் அச்சின்மேல் வைத்து அழுத்தியே கிண்ணமாக்கும் எந்திரமும், ஒரே அழுத்தில் உருவாக்கும் அச்சும் பெருகின. எந்திரத்தில் விரைவில் முடிவதற்குக் கையால் நாள்கணக்கில் உழைக்க வேண்டும். கடையில் விலை எடையைக் கொண்டே பெரிதும் பேசப்படுகிறது. எடைக்கு விலை உண்டு. அடிக்கு விலை இல்லை என்றால், எந்த மகன் அடிக்கக் கற்பான்?

எந்திரத்தை நான் பழிக்கவில்லை. எளியவர் வீட்டிலும் வெள்ளிக் கிண்ணம் இருப்பது எந்திரத்தாலும் கூடியிருக்கிறது. எனினும் அருகிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருப்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வில்லியனூர்ச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அக்கலைஞருள் ஒருவரான வி. கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குயவர் பானையை எவ்வாறு முடிக்கிறார்? உள்ளே கல்லை ஏந்தி, வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை எழுப்புகிறார். தட்டாரின் முளையும் சுத்தியலும் செய்வதும் அதே வேலைதான். ஒரே ஊர்ப்புறத்தில் மண்ணைத் தட்டிய கைக்குப் பெருமை வந்தது. வெள்ளியைத் தட்டிய கைக்கு ஏன் வரலாகாது?

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. இன்னும் வேலை தெரிந்த முதியோர் இருக்கும்போதே, ஒரு கிண்ணம் தகட்டிலிருந்து எழும் முழு வேலையையும், சுத்தியலின் ஒலியோடு, படம்பிடித்து வைக்கலாம். அவர்கள் வழங்கும் கருவிப் பெயர்களையும் சொற்களையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளலாம். பட்டறை மூடப்படும்போது விறகாகப் போகும் மர முளைகளை வாங்கி, அளவெடுத்து, அருங்காட்சியகத்தில் வைக்கலாம். கைத்தொழிற் பயிற்சி நிலையங்களில் முதியவர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, இரண்டு மூன்று இளைஞருக்கேனும் கற்பிக்கச் செய்யலாம். வசதியுள்ளோர் தம் பேரப்பிள்ளைக்கு ஒரு கிண்ணமேனும் கையால் தட்டிச் செய்து தரும்படி கேட்டு, அதற்குரிய கூலியை மனமுவந்து கொடுக்கலாம். செய்தவர் பெயரையும் ஆண்டையும் அடியிலே பொறிக்கச் சொல்வதும் நன்று.

பாகூர்ச் செப்பேட்டின் இறுதியில் அந்தத் தட்டான் தன் பெயரை எழுதிவைத்தான். அதனாலேயே இன்று நாம் அவனைப் பற்றிப் பேசுகிறோம். அவனுக்குப் பின் வந்த எண்ணற்ற தட்டார்கள் தம் பெயரை எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் உலை அதை விட்டிராது. அவர்தம் கைத்திறனையேனும் உலைக்கு விடாமல் காத்தல் நம் காலத்தவர் கடமை.